வண்டிக்கு அஞ்சிய வீரன்



பிள்ளை வளர்ப்பு, முதியோர் பேணல், வரவு செலவு என இல்லத்தைச் சார்ந்த பல பொருள்களைப் பற்றி இப்பகுதியில் உங்களோடு உரையாடி வந்துள்ளோம். இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு சிலர் புன்னகை புரியக்கூடும். காரில் ஏற அஞ்சிய ஒரு நாயைப் பற்றி எழுத முனைந்திருக்கிறோம். இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள், இறுதிவரை படித்தபின் தீர்ப்புக் கூறும்படி வேண்டுகிறோம். அந்நாயின் அச்சத்தால் நம் இல்லத்தில் இரத்தம் சிந்தியது. ஒரு வாரம் ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாத நிலையும் வந்தது.

2023ஆம் ஆண்டு அக்டோபரில் விடாது பெய்த ஒரு மழையிரவில், செந்நிறத் தெருநாய் ஒன்று நம் வீட்டு முன்கூடத்தில் வந்து ஒண்டியது. அதன் பின்னங்கால் ஒன்று வீங்கித் தரையில் ஊன்ற முடியாமல் இருந்தது. காலையில் விரட்டிவிடலாம் என எண்ணினோம். காலையில் எழுந்து பார்த்தால், பத்து வயதான நம் இளைய மகள் அதன் எதிரே அமர்ந்து பாலில் ஊறவைத்த ரொட்டியை ஊட்டிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் விரட்டுவது எங்ஙனம்?

ஒன்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கால்நடை மருத்துவரிடம் அதைக் கொண்டு சென்றோம். கொண்டு சென்றோம் என்று எளிதாக எழுதிவிட்டோம். உண்மையில், முகத்தின்மேல் ஒரு சாக்கைப் போட்டு, இருவராகத் தூக்கிக் காரின் பின்புறம் திணித்துக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அது நடுங்கியது, எச்சில் ஒழுகியது, இருமுறை வாந்தி எடுத்தது. நோயின் களைப்பு என்று எண்ணிக்கொண்டோம். கால் தேறியது. பிள்ளைகள் அதற்கு வீரன் எனப் பெயரிட்டனர். இரவில் வேலிக்கு வெளியே சருகு அசைந்தாலும் சீறி நின்றதால், பெயர் பொருத்தமாகவே தோன்றியது.

ஆனால் கார்க் கதவு திறக்கும் ஓசை கேட்டதும் வீரன் வீரனாக இருப்பதில்லை. வால் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். கிணற்றடியிலுள்ள துவைக்கும் கல்லின் பின்னே சென்று பதுங்கும். அடுத்த ஜனவரியில் தடுப்பூசிக்காக மீண்டும் தூக்கி ஏற்றியபோது இருக்கையிலேயே சிறுநீர் கழித்துவிட்டது. நாம் சினந்து உரத்துப் பேசினோம். அது இன்னும் ஒடுங்கியது.

மார்ச் திங்களில் அதற்கு உண்ணிக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் உணவைத் தொடவில்லை, ஈறுகள் வெளுத்திருந்தன. இனியும் காலந்தாழ்த்த இயலாது என்று, பதினேழு வயதான நம் மூத்த மகன் அதை அணைத்துத் தூக்கினான். நாம் கதவைத் திறந்து பிடித்திருந்தோம். வண்டியின் வாயிலருகே வந்ததும், சோர்ந்து கிடந்த அந்த உயிர் ஒரு கணத்தில் முறுக்கி எழுந்தது. மகனின் முன்கையில் பற்கள் ஆழப் பதிந்தன.

முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தோம். கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். பின் மகனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருப்பினும், மருத்துவர் குறித்த நாள்களில் எல்லா ஊசிகளையும் தவறாது போட்டு முடித்தான். வாசகர்கள் இதை மனத்திற் கொள்ளவேண்டும். வளர்த்த நாய்தானே என்று எண்ணி மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வீட்டில் இருந்துவிடலாகாது. வெறிநாய்க்கடி நோய் கண்டபின் அதற்கு மருந்தில்லை. வருமுன் காப்பதற்கே வழியுண்டு.

அன்று மாலை, நிலைமையைச் சொல்லி வேண்டிக்கொண்டதன்பேரில், கால்நடை மருத்துவர் வீட்டுக்கே வந்து வீரனுக்கு மருந்தளித்தார். வந்தவர் அதன் இடக் காதைத் தொட்டுக் காட்டினார். நுனியில் ஒரு சிறு வெட்டு இருந்தது. பிற நாய்களோடு சண்டையிட்ட வடு என்றே அதுவரை எண்ணியிருந்தோம்.

“இது சண்டை வடு அன்று; கருத்தடை செய்யப்பட்ட தெருநாய் என்பதற்கான அடையாளம். இதை ஒருமுறை வலைவீசிப் பிடித்திருக்கிறார்கள். வண்டிக்குள் பல நாய்களோடு அடைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே ஊசி, கத்தி, மயக்கம், வலி. பிறகு உங்கள் சாக்கு, உங்கள் கார், என் ஊசி. இதன் வாழ்நாளில் வண்டியேறிய பின் நல்லது எதுவும் நடந்ததே இல்லை. இது எப்படி ஏறும்?” என்றார்.

நமக்கு நா எழவில்லை. கருத்தடைக்கான விதிகள் 2001ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக 2023ஆம் ஆண்டில் புதிய விதிகள் வந்தன. தெருநாய்களின் பெருக்கத்தையும் வெறிநாய்க்கடி நோயையும் தடுக்க வேண்டிய பணியே அது. அதைக் குறை கூறவில்லை. எனினும் பிடிபட்ட உயிருக்கு நோக்கம் தெரியாது. வண்டி மட்டுமே தெரியும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்று நம் மூதாட்டிகள் அறியாமலா சொன்னார்கள்?

அச்சத்தின் நினைவு எவ்வளவு ஆழமானது என்பதற்கு அறிவியல் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. மணியோசையும் உணவும் பற்றிய பாடத்தில் பாவ்லோவ் என்னும் ரஷ்ய அறிஞரின் பெயரைப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். 1924ஆம் ஆண்டு செப்டம்பரில், அவர் பணிபுரிந்த லெனின்கிராது நகரில் நேவா ஆறு பெருக்கெடுத்தது. நாய்களை அடைத்திருந்த கூடத்தில் வெள்ளம் புகுந்தது. கூண்டுகளில் நீர் ஏற ஏற, நாய்கள் மேலே மிதந்து தவித்தன. கூண்டு வாயில்களோ நீருக்கடியில் இருந்தன. அவற்றின் தலையை நீரில் அமிழ்த்தி, வாயில் வழியே இழுத்துத்தான் காப்பாற்ற முடிந்தது.

உயிர் பிழைத்த நாய்களுள் சில, முன்பு நன்கு பழகியிருந்த பாடங்களை இழந்துவிட்டன. நாளடைவில் தேறின. அவ்வாறு தேறிய ஒரு நாய் இருந்த அறையில், கதவுக்கடியில் சிறிது தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தனர். சில கலயம் நீர்தான். கால் நனையும் அளவே. ஆனால் அந்நாய் பழைய பேரச்சத்தில் மீண்டும் வீழ்ந்தது. அதைக் காப்பாற்றிய கைகளே அதன் தலையை நீரில் அமிழ்த்தின என்பதையும் எண்ணிப் பாருங்கள். வீரனைப் பிழைக்க வைக்கும் பொருட்டே நாமும் அதன்மேல் சாக்கைப் போட்டோம். நம் நல்லெண்ணம் அதற்கு எவ்வாறு விளங்கும்?

மருத்துவர் சென்றபின் வீட்டில் வழக்காடு மன்றம் கூடியது. துணைவியார் அழுதார். “பிள்ளையைக் கடித்த நாய் இனி இங்கே வேண்டாம். தோட்டக்காரர் யாரிடமாவது விட்டுவிடுவோம்” என்றார். நாமும் அக்கருத்தினராகவே இருந்தோம். தோட்டத்தில் கொண்டுபோய் விடுவதற்கும் அதைக் காரில்தான் ஏற்றவேண்டும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை! கட்டுப்போட்ட கையோடு இருந்த மகன் சொன்னான்: “அது என்னைக் கடிக்கவில்லை அப்பா. வண்டியைக் கடித்தது. நடுவில் என் கை இருந்தது.”

எழுபத்தெட்டு வயதான நம் தாயார் அதுவரை வாய் திறக்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “கல்யாணமாகி முதன்முதலில் பஸ் ஏறிய அன்று நான் வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். பிறகு ஒரு வருடம் பஸ் என்றாலே எனக்கு அடிவயிறு கலங்கும். என் மாமியார் என்னைத் தூக்கியா உள்ளே போட்டார்? சன்னலோரம் உட்காரவைத்து, எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, அடுத்த ஊர் வரைக்கும் போய்த் திரும்பிவரப் பழக்கினார். இதற்கும் ஒரு எலுமிச்சம்பழம் கண்டுபிடியுங்கள்.”

அந்த எலுமிச்சம்பழத்தைத் தேடிய கதையையே இனிச் சொல்லப் போகிறோம்.

காய்ச்சல் தணிந்தபின் மருத்துவர் முதலில் உடலைச் சோதித்தார். அஞ்சும் நாயிடம் பழக்கத்தைத் தொடங்குமுன் நோவு உண்டா என அறியவேண்டும் என்றார். காலில் வலியிருந்தால் ஏறும்போது அது தெரியும்; ஏறவே மறுக்கும். காதில் சீழ் இருந்தாலும் பயணம் துன்பமாகும். மேலும், அச்சம் வேறு. பயணத்தால் வரும் குமட்டல் வேறு. வண்டியைக் கண்டவுடனேயே நடுங்கினால் அது அச்சம். நின்ற வண்டியில் நலமாக இருந்து, ஓடத் தொடங்கியபின் கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி, எச்சில் ஒழுக்கி, வாந்தி எடுத்தால் அது குமட்டல். ஒன்று மற்றொன்றை வளர்க்கும். குமட்டிய நாய் மறுமுறை அஞ்சும். அஞ்சிய நாய் மேலும் குமட்டும். குமட்டலைத் தடுக்க நாய்களுக்கென மாரோபிட்டன்ட் என்னும் மருந்து உண்டு. மிகுந்த அச்சத்தைத் தணிக்கவும் மருந்துகள் உள்ளன. இவற்றை மருத்துவர் எடை பார்த்துத் தரவேண்டும். நம் மருந்துப் பெட்டியிலுள்ள மாத்திரையைப் பாதியாக உடைத்து நாய்க்குக் கொடுத்தல் கூடவே கூடாது.

அடுத்து அவர் இட்ட கட்டளை நமக்கு வியப்பாக இருந்தது. பழக்கம் முடியும்வரை வீரனைக் காரில் ஏற்றவே கூடாது என்றார். பத்து நாள் பொறுமையாகக் கட்டியதை ஒரு நாள் வலிந்த பயணம் இடித்துவிடும் என்பது அவர் வாதம். இடையில் ஊசி போடவேண்டின், தாமே வருவதாகச் சொன்னார்.

அதன்பின், ஓட்டமில்லாமல் நின்ற காருக்கும் வீரனுக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருந்தால் அது உணவை உண்ணும் எனச் சோதித்தோம். நம் முற்றத்தில் அது இருபது அடியாக இருந்தது. பதினெட்டு அடியில் கோழிக்கறித் துண்டை நீட்டினால், முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. பசியோடிருக்கும் நாய் விருப்பமான உணவை மறுக்கிறது எனில், அச்சம் பசியை வென்றுவிட்டது என்று பொருள். அதுவே நமக்கு அளவுகோல். உண்டால் சரியான இடத்தில் இருக்கிறோம். மறுத்தால் மிக நெருங்கிவிட்டோம்.

உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்து, எலும்பு நீக்கி, வேர்க்கடலை அளவில் நறுக்கிய கோழிக்கறியே வீரனின் எலுமிச்சம்பழம் ஆயிற்று. வண்டியருகே அன்றி வேறெங்கும் அதைத் தருவதில்லை எனவும் முடிவு செய்தோம்.

இங்கே ஒரு பிழை செய்தோம். கறித்துண்டைக் காட்டிக் காட்டி நாயை வண்டியை நோக்கி அழைத்தோம். மூன்றே நாளில் வீரன் கறியைக் கண்டாலே ஐயத்தோடு பின்வாங்கலாயிற்று. மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, “முறையைத் தலைகீழாக்கிவிட்டீர்கள். பாவ்லோவ் மணியை முதலில் ஒலித்துப் பிறகு உணவைத் தந்தார். நீங்கள் உணவை முதலில் காட்டிப் பிறகு வண்டியைத் தருகிறீர்கள். கறி வந்தால் ஆபத்து வரும் என்று அது கற்றுக்கொண்டது” என்று நகைத்தார். அன்றுமுதல் வரிசையை மாற்றினோம். முதலில் வீரன் வண்டியைக் காணும். கண்டபின் கறி வரும். வண்டி பார்வையிலிருந்து மறைந்தால் கறியும் நின்றுவிடும். ஒரு வாரத்தில், வண்டியைப் பார்த்ததும் நம் மகளின் முகத்தை நோக்கும் பழக்கம் வந்தது. “எங்கே என் பங்கு?” என்று கேட்பது போலிருந்தது. அச்சத்துக்கு அறிகுறியாக இருந்த ஒன்று விருந்துக்கு அறிகுறியாக மாறத் தொடங்கியது.

நாளுக்கு இருமுறை, ஐந்து நிமிடத்துக்கு மிகாமல் பழக்கினோம். அது இன்னும் வேண்டும் என விரும்பி நிற்கும்போதே நிறுத்திவிடுவோம். இருபது அடி பதினைந்தாயிற்று, பத்தாயிற்று, சக்கரத்தருகே தட்டை வைக்குமளவு குறைந்தது. பிறகு காரின் இருபுறக் கதவுகளையும் திறந்து வைத்தோம். ஒருபுறம் நுழைந்தால் மறுபுறம் வெளியேறலாம் எனத் தெரிந்த உயிருக்கு நுழையும் துணிவு வருகிறது. பின்னங்கால் வலுவற்றதாகையால் ஒரு பலகையைச் சாய்த்து, வழுக்காதிருக்கச் சாக்கைச் சுற்றிக் கட்டினோம். உள்ளே அது வழக்கமாகப் படுக்கும் பழைய கோரைப்பாயை விரித்தோம். இந்தப் பணிகளில் நம் இளைய மகளே தேர்ந்தவளாக இருந்தாள். நமக்கோ அலுவலகம் செல்லும் அவசரம் எப்போதும் இருந்தது. அவளுக்கு அது இல்லை. பலகையின் அடியில் அமர்ந்து கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருப்பாள். வீரன் ஓர் அடி எடுத்துவைத்தால் ஒரு துண்டு. பின்வாங்கினால் ஒன்றும் சொல்வதில்லை.

எஞ்சின் ஓசையைத் தனியாகப் பழக்கினோம். வீரன் கொல்லையில் தொலைவாக நிற்கையில், மகன் முன்புறத்தில் எஞ்சினைச் சில நொடி இயக்கி நிறுத்துவான். ஓசை கேட்டதும் கொல்லையில் கறி கிடைக்கும். ஓசையும் வண்டியும் தனித்தனியே பழகிய பின்னரே இரண்டையும் சேர்த்தோம். ஒரே நாளில் இரண்டு புதுமைகளைத் தருவதில்லை என்பது நாம் கொண்ட விதி.

அந்த விதியை நாமே மீறினோம். ஐந்தாவது வாரம் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்று நெருங்கியது. வீரனையும் அழைத்துச் சென்றால் வீட்டைப் பார்க்க ஆள்வேண்டியதில்லை என எண்ணினோம். அன்று காலை அது தானாகவே முன்னங்கால்களைக் காருக்குள் வைத்து நின்றது. இன்னும் ஓரடிதானே என்று நாம் பின்னாலிருந்து தூக்கி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினோம். பத்து நொடிகூட இராது. உள்ளே அது கண்ணாடியைப் பிறாண்டி அலறிய ஓசை இன்னும் நம் காதில் இருக்கிறது. கதவைத் திறந்ததும் பாய்ந்தோடித் துவைக்கும் கல்லின் பின்னே பதுங்கியது. மறுநாள் இருபது அடியிலும் கறியைத் தொடவில்லை. நம் மகள் இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. நாய் மன்னித்தாலும் பிள்ளை எளிதில் மன்னிப்பதில்லை.

அவ்விரு நாள்களில் நமக்கு ஆறுதலாக இருந்தது ஒரு குழந்தையின் வரலாறு. அமெரிக்க நாட்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் உளவியல் அறிஞர் 1924ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. பீட்டர் என அவர் குறிப்பிட்ட மூன்று வயது நிரம்பாத சிறுவன் முயலைக் கண்டு அஞ்சினான். வெண்பஞ்சைக் கண்டாலும் அஞ்சினான். சிறிது சிறிதாகத் தேறி வந்தவனுக்குச் செங்காய்ச்சல் கண்டு, இரண்டு மாதம் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. நலமடைந்து தாதியோடு டாக்சியில் ஏறும் நேரத்தில் ஒரு பெரிய நாய் அவர்கள்மேல் பாய்ந்தது. பழைய அச்சம் முழுவதும் திரும்பிவிட்டது. ஜோன்ஸ் அம்மையார் சினக்கவுமில்லை, கைவிடவுமில்லை. சிறுவனுக்கு விருப்பமான உணவைத் தந்து, அவன் உண்ணும்போது, கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைத்தார். உண்பதற்குத் தடையாகாத அளவில் நாள்தோறும் சற்றே நெருங்க வைத்தார். இறுதியில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் பீட்டர் இடங்கொடுத்தான். குழந்தைக்கு முயல், நம் வீரனுக்குக் கார். வழி ஒன்றே. பின்னடைவு வந்தால் தொடங்கிய இடத்துக்கே சென்று மீண்டும் தொடங்குவதும் அவ்வழியின் ஒரு பகுதியே.

நாமும் இருபத்தைந்து அடியில் மீண்டும் தொடங்கினோம். முதன்முறை ஐந்து வாரம் எடுத்த வழியை இம்முறை மூன்று வாரத்தில் கடந்தோம். கதவை ஒரு நொடி சாத்தித் திறத்தல், ஐந்து நொடி, அரை நிமிடம். உள்ளே இருக்கையில் எஞ்சினை இயக்கி நிறுத்தல். வாயிற்கதவு வரை உருண்டு திரும்பி வருதல். பிறகு தெருமுனை. பிறகு குளக்கரை. குளக்கரையில் இறங்கி அரைமணி நேரம் உலாவவிட்டோம். நண்டு வளைகளை முகர்வதில் அதற்குக் கிடைத்த இன்பத்தைக் காணவேண்டுமே! வண்டி ஏறினால் ஊசி என்றிருந்த கணக்கு, வண்டி ஏறினால் குளக்கரை என்று மாறியது. மருத்துவமனைக்கும் இருமுறை சும்மா சென்றோம். வாயிலில் மருத்துவர் கையால் ஒரு துண்டு கறி, உடனே திரும்பிவிட்டோம்.

இவ்வாறு பழக்க விரும்பும் இல்லத்தார் சில காப்பு முறைகளையும் அறிந்திருத்தல் நலம். நாயைப் பின்னிருக்கையில், மார்புப் பட்டை அணிவித்துப் பிணைத்து வைக்கவேண்டும். கழுத்துப் பட்டையில் கட்டினால், திடீரென வண்டி நிற்கும்போது கழுத்து இறுகும். முன்னிருக்கையில் காற்றுப்பை விரிந்தால் நாய்க்கு ஆபத்து. சன்னலுக்கு வெளியே தலையை நீட்ட விடலாகாது. தூசியும் கல்லும் கண்ணைக் கெடுக்கும். புறப்படுமுன் சில மணி நேரம் வயிறு நிறைய உணவு தரவேண்டாம். நிறுத்திய காரில் தனியே விட்டுச் செல்லுதல் எக்காலும் கூடாது. வெளியே 30 பாகை செல்சியசு வெப்பம் இருக்கும் நாளில், வெயிலில் மூடிய காருக்குள் அரைமணி நேரத்திற்குள் 40 பாகையைத் தாண்டிவிடும். நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்த்துக் குளிரும் வழி நாய்க்கு இல்லை. மூச்சிரைத்தே அது வெப்பத்தை ஆற்றுகிறது.

கார் இல்லாத இல்லத்தார் என்ன செய்வது? ஆட்டோவுக்கும் இதே முறைதான். அறிமுகமான ஓட்டுநரிடம் சொல்லி, வேலையில்லாத நேரத்தில் பத்து நிமிடம் எஞ்சினை நிறுத்தி வீட்டருகே நிற்கச் சொல்லுங்கள். காத்திருக்கும் நேரத்துக்குரிய கூலியைக் கொடுங்கள். ஆட்டோவுக்குக் கதவில்லையாதலால் பட்டையையும் கயிற்றையும் இறுகப் பற்றியிருத்தல் மிகவும் தேவை. எவ்வளவு நாள் ஆகும் எனக் கேட்காதீர்கள். நாய்க்கு நாய் வேறுபடும். ஆடிக் கறக்கும் மாட்டை ஆடிக் கறக்கவேண்டும். பாடிக் கறக்கும் மாட்டைப் பாடிக் கறக்கவேண்டும். கடிக்குமளவு அஞ்சும் நாயிடம் நீங்களாக முயலாமல் மருத்துவரின் துணையோடு தொடங்குங்கள். சிறு பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். நம் மகள் பலகையருகே அமர்ந்த நேரமெல்லாம் நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனிருந்தார்.

வீரன் முற்றிலும் தேறிவிட்டது என்று சொல்லமாட்டோம். பின்புறம் கதவுள்ள பெரிய வேன் தெருவில் வந்தால் இன்றும் துவைக்கும் கல்லைத் தேடுகிறது. காரில் ஏறுமுன் ஒருமுறை உடல் சிலிர்க்கிறது, கொட்டாவி விடுகிறது. அதன் பிறகு தானே ஏறுகிறது. அந்தச் சிறு இடைவேளையை நாம் அதற்கு விட்டுக்கொடுத்துக் காத்திருக்கப் பழகிவிட்டோம்.

இதை எழுதத் தூண்டியது நாய் மட்டுமன்று. பள்ளிப் பேருந்தைக் கண்டு அழும் குழந்தையைத் தோளில் தூக்கி உள்ளே போட்டுக் கதவைச் சாத்தியதில்லையா? இருட்டுக்கு அஞ்சும் பிள்ளையை, அச்சம் தெளியட்டும் என்று இருட்டறையிலேயே விட்டதில்லையா? பல்லைக் காட்ட மறுத்த முதியவரைப் பிடிவாதக்காரர் என்று ஏசியதில்லையா? மூத்த மகன் சிறுவனாக இருந்தபோது நாமும் இவற்றுள் சிலவற்றைச் செய்திருக்கிறோம். அன்று அழுகை நின்றதைக் கண்டு அச்சம் நீங்கியது என்று எண்ணினோம். அழுது பயனில்லை என்று கண்ட பிள்ளையும் அழுகையை நிறுத்தும் என்பது இப்போது விளங்குகிறது. பதறாத காரியம் சிதறாது என்பதை ஒரு தெருநாய் வந்து நமக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு நாள் மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். தாயாருக்குக் கண் சோதனை. வீரனுக்குக் கால் சோதனை. தாயார் பின்னிருக்கையில் சன்னலோரம் அமர்ந்தார். வீரன் பலகையின்மேல் ஏறி, ஒரு கணம் தயங்கி, அவரருகே கோரைப்பாயில் படுத்தது. மகன் வடு ஆறிய கையால் கதவை மெல்லச் சாத்தினான். தெருமுனை திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தோம். தாயாரின் ஒரு கை வீரனின் தலைமேல் இருந்தது. மறு கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது.